டீக்கடையில் சரவெடி... மைக் கைக்கு வந்தா கப்சிப்! மேடையில் வாய் கட்டிப்போவது ஏன்?

கிராம சபைக் கூட்டம். பள்ளிக்கூட வளாகத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரே ஒரு மைக். முன்னால் ஊராட்சித் தலைவர், செயலர், ஒன்றிய அலுவலகத்தில் இருந்து வந்த பற்றாளர். பின்வரிசையில் ஒரு பெண். அவர் தெருவில் மூன்று வாரமாகக் குடிதண்ணீர் வரவில்லை. குழாய் எங்கே உடைந்தது, எப்போது உடைந்தது, யாரிடம் சொன்னார்கள், என்ன பதில் வந்தது என எல்லாமே அவருக்கு அத்துப்படி. காலையில் தண்ணி லாரிக்காகக் குடத்தோடு நின்றபோது கால் மணி நேரம் மூச்சு விடாமல் அதைத்தான் பேசினார்.

இப்போது மைக் அவர் கைக்கு வருகிறது.

"அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியிலே... குடிநீர் பிரச்சினையானது... வந்து..." தொண்டை அடைக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "அதான் சார், எல்லாருக்குமே தெரியுமே" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்.

எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. ஆனால் இழப்பு சின்னதல்ல. தமிழ்நாட்டில் கிராம சபை வழக்கமாக ஆண்டுக்கு 6 நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்று மைக்கில் சொல்லாத விஷயம் தீர்மானப் பதிவேட்டில் ஏறாது. அடுத்த வாய்ப்புக்கு ஒரு மாதம் முதல் மூன்றரை மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

விஷயம் தெரியும், பேசவும் தெரியும். அப்புறம் ஏன் இந்தத் தடுமாற்றம்?

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

பல கண்கள் ஒரே நேரத்தில் தன்னைப் பார்க்கும்போது மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. தெரு நாய் துரத்தும்போது வேலை செய்யும் அதே ஏற்பாடுதான் இங்கேயும். அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, எச்சில் குறைந்து நாக்கு ஒட்டுகிறது. ஓடவோ சண்டை போடவோ இது உதவும். நிதானமாக வார்த்தை தேட உதவாது. சொல்ல வந்ததை மனசில் பிடித்து வைத்திருக்கும் தற்காலிக நினைவாற்றலும் பதற்றத்தில் சுருங்குகிறது. 'நல்லாத்தான் யோசிச்சு வெச்சிருந்தேன், எழுந்ததும் எல்லாம் போயிடுச்சு' என்று பலர் சொல்வது சும்மா சாக்கு இல்லை.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நமக்குள் நடக்கும் நடுக்கம் வெளியே நாம் நினைக்கிற அளவுக்குத் தெரிவதில்லை. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பேசுபவர்கள் தங்கள் பதற்றம் அப்படியே எதிரில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது என்று நினைத்தார்கள். கேட்டவர்களுக்கோ அவ்வளவு தெரியவில்லை. இதை முன்கூட்டியே சொல்லிப் பேச அனுப்பியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். 'கை நடுங்குறது எல்லாருக்கும் தெரியுதே' என்ற நினைப்புதான் நடுக்கத்தை இன்னும் கூட்டுகிறது.

'பயப்படாதே, அமைதியா இரு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் பெரிதாகப் பலன் தருவதில்லை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகும் முன் 'நான் உற்சாகமா இருக்கேன்' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், 'நான் அமைதியா இருக்கேன்' என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். படபடப்பை நிறுத்துவது கஷ்டம். ஆனால் அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம். கூடவே, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி நாலைந்து தடவை செய்தால் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். மைக் கைக்கு வருவதற்கு முன்பே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்துவிடலாம். பக்கத்தில் இருப்பவருக்குக் கூடத் தெரியாது.

காந்திக்கே நடந்தது

1891இல் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பிய காந்தி, பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் தன் முதல் வழக்குக்காக எழுந்து நின்றார். சாதாரண வழக்கு, 30 ரூபாய் கட்டணம். எதிர்த்தரப்பு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நேரத்தில் தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னார். இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இரண்டே வருடத்தில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். அதைத்தான் தன் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு என்று குறிப்பிடுகிறார். தலைப்பு, வியாபாரத்தில் உண்மை. அங்கே வாய் கட்டிப்போகவில்லை. விஷயத்தை நன்றாகப் படித்துத் தயாராகி வந்திருந்தார், கேட்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியும். கூச்சம் அவரை முழுசாக விட்டுப் போகவில்லை. ஆனால் அந்தக் கூச்சமே வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவு செய்யக் கற்றுக்கொடுத்தது என்பது அவர் கணிப்பு.

தமிழருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல்

பதற்றம் உலகம் முழுக்க ஒன்றுதான். தமிழில் பேசுபவர்களுக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் இதைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

அந்தப் பெண் எடுத்த எடுப்பில் சொன்னதைக் கவனிக்கலாம். 'எங்கள் பகுதியிலே', 'குடிநீர் பிரச்சினையானது'. வீட்டிலோ தெருவிலோ அவர் வாழ்நாளில் ஒரு முறைகூட இப்படிப் பேசியிருக்க மாட்டார். லாரிக்கு நிற்கும்போது அவர் சொன்னது, 'எங்க தெருவுல மூணு வாரமா தண்ணி வரலைங்க'. மைக்கைப் பார்த்ததும் அந்த வாக்கியம் மரியாதை குறைவாகத் தெரிந்தது. உடனே மனசுக்குள் ஒரு மொழிபெயர்ப்பு வேலை தொடங்கிவிட்டது: 'தண்ணி' குடிநீர் ஆனது, 'வரலை' என்பதற்கு விநியோகம், தடை என்று தேட ஆரம்பித்தார். ஏற்கெனவே பதற்றத்தில் சுருங்கிப்போன மூளைக்கு இது தாங்காத சுமை.

எழுத்துக்கு ஒரு தமிழ், பேச்சுக்கு ஒரு தமிழ். இப்படி ஒரே மொழி இரண்டு அடுக்காகப் புழங்குவதை மொழியியலாளர்கள் இரட்டை வழக்கு என்கிறார்கள். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தியின் கிரியோல் ஆகிய நான்கையும் முக்கிய எடுத்துக்காட்டாக வைத்து இதை விளக்கினார். தமிழில் இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தை, வீட்டில் 'வந்துட்டாங்க' என்று சொல்லிவிட்டு பாடப்புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று படிக்கும் அன்றே தொடங்கிவிடுகிறது.

மேடை என்றால் செந்தமிழ் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று தன் முதல் பிரசங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவப் பாதிரியார்களின் பிரசங்க முறையைப் பார்த்து, அதே வழியில் சைவத்தைப் பேச எடுத்துக்கொண்ட முயற்சி அது. 20ஆம் நூற்றாண்டில் அண்ணாவும் கருணாநிதியும் அடுக்குமொழியையும் எதுகை மோனையையும் அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். மைதானம் நிறைய மக்கள் நின்று கேட்டார்கள். அந்த நடைக்கு இருந்த கவர்ச்சியில், பேச்சு என்றாலே இப்படித்தான் என்று ஊரில் பதிந்துவிட்டது. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகள் அதை இன்னும் இறுக்கிவிட்டன. ஆசிரியர் எழுதித் தருவார், பிள்ளை மனப்பாடம் செய்யும், 'அவையோர்க்கு வணக்கம்' என்று தொடங்கி மூன்று நிமிடம் மூச்சு விடாமல் ஒப்பித்து, சில்வர் டம்ளரைப் பரிசாக வாங்கும். நடுவில் ஒரு வரி மறந்தால் முழுப் பேச்சும் காலி. மனப்பாடப் பயிற்சி என்றால் சரி, பேசும் பயிற்சி என்று அதைச் சொல்ல முடியுமா?

அதே காலத்தில் இன்னொரு வகைப் பேச்சும் மேடையில் இருந்தது. பெரியார் மணிக்கணக்கில் பேசினார், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலவே. காமராஜர் பேச்சில் அலங்காரமே கிடையாது. அவர்கள் பேசியது மக்களுக்குப் புரியாமல் போகவில்லை.

ஆக, வழி இருக்கிறது. வணக்கத்தையும் நன்றியையும் எழுத்துத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம், அது பழகிய வரி. நடுவில் உள்ள விஷயத்தை வாய்க்கு வரும் தமிழிலேயே சொல்ல வேண்டும். 'ங்க' சேர்த்தால் மரியாதை தானாக வந்துவிடும். 'மூணு வாரமா தண்ணி வரலைங்க' என்பதில் எந்தக் குறையும் இல்லை. வட்டார வழக்குக்கும் இதே கதைதான். நெல்லைக்காரர் 'வந்தாவ' என்றோ, கோவைக்காரர் 'வந்தாங்கொ' என்றோ சொன்னால் கூட்டம் ஒரு நொடி சிரிக்கும், அப்புறம் கேட்கும். சில நேரம் கூடுதல் கவனத்தோடே கேட்கும்.

வேலைக்கான இன்டர்வியூவில் மொழிபெயர்ப்புச் சுமை இரண்டு மடங்கு. தமிழில் யோசித்து, ஆங்கிலமாக மாற்றி, அதிலும் பெரிய வார்த்தையாகத் தேடுவது. அங்கேயும் சின்ன வாக்கியங்கள்தான் காப்பாற்றும். தன் புராஜெக்ட்டைப் பற்றி ஆறே வரியில், தனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில், ஒரு நண்பரிடம் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தவர், முதல் நாள் இரவு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் மனப்பாடம் செய்தவரைவிடத் தைரியமாக உட்காருவார். நடுவில் குறுக்குக் கேள்வி வந்தாலும் சமாளிக்கலாம். மனப்பாடம் செய்தவருக்கு அதே கேள்வி தடம் புரட்டிவிடும்.

7-38-55: ஒரு தவறான கணக்கு

பேச்சுப் பயிற்சி வகுப்புக்கோ யூடியூப்புக்கோ போனால் இந்தக் கணக்கு கண்டிப்பாக வரும். 'நீங்க சொல்ற வார்த்தைக்கு வெறும் 7 சதவீதம்தான் மதிப்பு. குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55.' கேட்டவுடன் கண்ணாடி முன் நின்று கையை அசைத்துப் பழக ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் செய்த சோதனைகளில் இருந்து பிய்த்து எடுத்த எண்கள் இவை. அவர் ஆராய்ந்தது பிடிக்கும், பிடிக்காது என்ற உணர்வை மட்டும். வாயில் ஒன்று, முகத்தில் வேறொன்று என்று முரண்படும்போது மக்கள் எதை நம்புகிறார்கள் என்பதுதான் கேள்வி. கோபமான முகத்தோடு 'எனக்கு ஒண்ணும் கோபம் இல்லையே' என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே பின்னர் விளக்கிவிட்டார். குழாய் எங்கே உடைந்தது என்பதை எந்த உடல்மொழியாலும் சொல்ல முடியாது.

நிமிர்ந்து நிற்பது, எதிரில் இருப்பவரைப் பார்ப்பது எல்லாம் தேவைதான். ஆனால் முதலில் வர வேண்டியது சொல்ல வேண்டிய விஷயம்.

எதை முதலில் சொல்வது?

நம் ஊரில் கதையைத் தொடக்கத்தில் இருந்து சொல்வதுதான் பழக்கம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு வரிசையில் நிற்பவர், "ஐயா, எங்க தாத்தா காலத்துல..." என்று ஆரம்பிப்பார். அதிகாரிக்குப் பின்னால் இன்னும் நூறு பேர் காத்திருப்பது தெரியும். தாத்தாவில் இருந்து பட்டாவுக்கு வருவதற்குள் மனு அடுத்த மேசைக்குப் போய்விடும்.

கேட்பதை முதலில், காரணத்தை அடுத்து. "ஐயா, பட்டா பெயர் மாற்றம் வேணும். எட்டு மாசத்துக்கு முன்னாடி மனு கொடுத்தேன், நம்பர் இதுல இருக்கு. இன்னும் பதில் வரலை." 15 நொடி ஆகாது. மீதியை அவர் கேட்டால் சொல்லலாம். தாத்தா கதையும் அப்போது தேவைப்படலாம்.

டாக்டரிடமும் இப்படித்தான். 'உடம்பு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்' என்றால் அவர் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். 'நாலு நாளா ராத்திரியில மட்டும் காய்ச்சல். நேத்துல இருந்து வலது பக்கம் வயிறு வலி. சுகர் மாத்திரை எடுக்கறேன்' என்றால் பாதி வேலை முடிந்தது. அரசு மருத்துவமனை ஓ.பி.யில் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் மறந்துபோகாமல் இருக்க, இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாத்திரை விஷயத்தைச் சொல்ல மறந்தால் சிக்கல் நமக்குத்தான்.

வீட்டில், ஆபீஸில் வரும் மனக்கசப்புகளில் வேறு மாதிரி தவறு நடக்கிறது. 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்ற ஒரு வரி போதும், அடுத்த அரை மணி நேரம் 'எப்பவுமே' என்ற வார்த்தையைச் சுற்றித்தான் சண்டை. 'நேத்து போன் பண்றேன்னு சொல்லிட்டு பண்ணலை, அதான் கஷ்டமா இருந்துச்சு' என்றால் பேச ஒரு குறிப்பிட்ட விஷயம் இருக்கிறது. எதிராளி பதில் சொல்லும்போது, அடுத்து நாம் என்ன சொல்லலாம் என்று யோசிக்காமல் கேட்பது இன்னும் கஷ்டம். பேச்சுப் போட்டி இருக்கிற நம் பள்ளிக்கூடங்களில் கேட்கும் போட்டி கிடையாது.

பழகுவது எப்படி?

1924இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள் இன்று சென்னை, கோவை உட்படப் பல ஊர்களில் நடக்கின்றன. அங்கே யாரும் வகுப்பு எடுப்பதில்லை. உறுப்பினர்களே மாறி மாறிப் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக் குறை நிறை சொல்வார்கள். தயாரித்த பேச்சுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். திடீர்த் தலைப்புக்கு 1 முதல் 2 நிமிடம். நேரத்தைக் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. 'ஆ... ம்...' எத்தனை வந்தது என்று எண்ணுவதற்கே ஒரு ஆள் இருப்பார். அந்த எண்ணிக்கையைக் கேட்டதும் முதலில் அவமானமாக இருக்கும். நாலு வாரத்தில் பாதியாகக் குறையும்போது அதுவே விளையாட்டாகிவிடும்.

கிளப் இல்லாத ஊரில் செல்போன் போதும். ஒரு நிமிடம் பேசி ரெக்கார்ட் செய்து கேட்க வேண்டும். முதல் தடவை 'இது என் குரலே இல்லையே' என்று தோன்றும். நம் குரலை நாம் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை ஓட்டின் எலும்பு வழியாகவும் கேட்டுப் பழகியிருக்கிறோம். அதனால் நம் காதுக்கு அது கனமாகத் தெரியும். ரெக்கார்டில் இருப்பதுதான் மற்றவர்கள் தினமும் கேட்பது. அவர்களுக்கு அது விசித்திரமாகவே இல்லை. இரண்டாவது தடவை கேட்கும்போது 'வந்து', 'அதாவது', 'ஆக்சுவலா', 'என்ன சொல்றதுன்னா' என்பவை காதில் விழத் தொடங்கும். அவற்றை ஒழிக்கப் போராட வேண்டாம். வரப்போகிறது என்று தெரிந்தால் வாயை மூடி ஒரு நொடி நிறுத்தினால் போதும். பேசுபவருக்கு அந்த ஒரு நொடி ஒரு யுகம். கேட்பவருக்கோ அது யோசித்துப் பேசுவது போல் இருக்கும்.

நிறுத்தத்தின் பலத்துக்கு ஒரு மன்னரே சாட்சி. திக்குவாயால் தவித்த இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ், மன்னராவதற்குப் பத்தாண்டு முன்பே, 1926இல் லயனல் லோக் என்ற பேச்சுப் பயிற்சியாளரிடம் போனார். 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவிப்புக்குப் பின் வானொலியில் அவர் பேசிய உரையின் பிரதியில், எங்கே நிறுத்த வேண்டும் என்று லோக் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். சீட்டைப் பார்த்துப் பேச வேண்டியவர்கள் இந்த வழியைப் பின்பற்றலாம். ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: மேடையில் மட்டும் வரும் தடுமாற்றம் வேறு, சின்ன வயசில் இருந்தே தினசரிப் பேச்சிலும் வரும் திக்கல் வேறு. இரண்டாவதற்குப் பேச்சு சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும். 'தைரியமா பேசுப்பா' என்ற அறிவுரை அங்கே வேலை செய்யாது.

அப்புறம் அந்த மைக். ஸ்பீக்கரில் தன் குரலே பெரிதாகக் கேட்டதும் பலர் திடுக்கிட்டு மைக்கைத் தள்ளிப் பிடிப்பார்கள், குரலும் சன்னமாகிவிடும். நான்கு விரல் அகலம் தள்ளி, வாய்க்குக் கொஞ்சம் கீழே பிடித்து, சாதாரணக் குரலில் பேசினால் போதும். தட்டிப் பார்க்கவோ ஊதவோ வேண்டாம். ஒரு 'வணக்கம்' சொன்னாலே வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

அந்த ஒரு நிமிடம்

கிராம சபையில் அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது ஒரு நிமிடம்கூட இல்லை. பேச்சு இப்படி இருந்தால் போதும்:

"எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருவுல குழாயை சரி பண்ணணும்னு தீர்மானம் போடணும்ங்க. மூணு வாரமா தண்ணி வரலை. டேங்குக்குப் பக்கத்துல வால்வுகிட்ட குழாய் உடைஞ்சிருக்கு. நாப்பது வீடு இருக்கு. எந்தத் தேதிக்குள்ள முடியும்னு இப்பவே சொன்னா நல்லா இருக்கும். நன்றிங்க."

காலையில் லாரி வரிசையில் அவர் பேசியதிலேயே இது எல்லாம் இருந்தது. முதல் வரியை மட்டும் முந்தின நாள் நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும். முதல் வரி தாண்டிவிட்டால் மீதி வந்துவிடும். கூட்டத்தில் 'தனியா பேசப் பயமா இருக்கு' என்றால், அதே தெருவில் இருந்து இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முடித்ததும் "ஆமாங்க, எங்க வீட்டுக்கும் வரலை" என்று ஒரு வரி சேர்க்கலாம்.

பேசி முடித்ததும் கைதட்டல் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அதோடு உட்கார்ந்துவிடக் கூடாது. கூட்டம் முடிந்து பதிவேட்டில் கையெழுத்து போடும் முன், "நான் சொன்னதை எப்படி எழுதியிருக்கீங்கன்னு ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க சார்" என்று கேட்க வேண்டும். தேதி விட்டுப்போயிருந்தால் அங்கேயே சொல்லிச் சேர்க்க வைக்கலாம்.

தவறவிட்டவர்களுக்கு அடுத்த கிராம சபை எப்போது என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.